லவுட்லி, அலவுட், வொசிஃபரஸ்லி: எந்தச் சத்தத்துக்கு எந்தச் சொல்?

பல வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு. யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவி, இரவல் ரை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு தாளை நீட்டி, ‘ரீட் இட் அலவுட், ப்ளீஸ்’ என்றார். அலவுட் என்ற சொல்லை அதற்கு முன் நான் சரியாகக் கவனித்ததில்லை, ஆனால் அதற்குள் லவுட் இருக்கிறது, லவுட் என்றால் பெரிய சத்தம், அது போதும்தானே என்று, திருவிழாவில் தொலைந்த பிள்ளையின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிப்பது போல முதல் வரியிலிருந்தே பெலத்து வாசித்தேன். இரண்டாம் வரி முடிவதற்குள் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அந்த அம்மா உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து இரண்டு தரம் அமத்திக் காட்டினார். எனக்கு அதுவும் விளங்கவில்லை, ‘இன்னும் நிறுத்தி நிதானமாக’ என்று எடுத்துக்கொண்டு அதே சத்தத்தில் நிதானமாக வாசித்தேன்.

வேலை கிடைக்கவில்லை. சத்தத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், எனக்கு அப்போது தட்டச்சும் சரியாக வராது.

இப்போது கொக்குவிலில் வீட்டோடு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகள், வெளிநாடு போகத் தேர்வு எழுதுகிறவர்கள், கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு கதைக்க வேண்டும் என்று வருகிற ஓய்வு பெற்ற ஐயாமார் என்று எல்லா வயதிலும் வருகிறார்கள். எல்லாரும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். ‘சேர், லவுட்லியும் அலவுட்டும் ஒண்டுதானே?’ இல்லை. ஒன்று இல்லை. அதை எப்படிப் பிரிப்பது, எங்கே எதைப் போடுவது, அதற்குப் பிறகு வொசிஃபரஸ்லி என்ற பெரிய சொல்லை எப்போது வெளியே எடுப்பது என்பதை, ஆங்கிலத்துக்குப் புதிதாக வருகிற ஒருவருக்குச் சொல்வது போலவே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் பிரியுங்கள்

எங்கள் பிரச்சினை ஆங்கிலத்தில் தொடங்கவில்லை, ‘சத்தமாக’ என்ற நம்முடைய சொல்லில்தான் தொடங்குகிறது. ‘சத்தமாப் படி’ என்று அம்மா குசினியிலிருந்து சொன்னால் என்ன அர்த்தம்? மனதுக்குள் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கனவு காணாதே, வாயைத் திறந்து படி, எனக்குக் கேட்க வேண்டும். ‘சத்தமாக் கதை, கேக்கேல்லை’ என்று ஃபோனில் மாமா சொன்னால்? நீ கதைக்கிறாய்தான், ஆனால் குரல் காணாது, கூட்டு. முதலாவதில் குரல் வெளியே வருகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இரண்டாவதில் குரல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, எவ்வளவு பெரிதாக வருகிறது என்பது கேள்வி. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு, சொல்கிற தொனியையும் சந்தர்ப்பத்தையும் வைத்து விளங்கிக்கொள்கிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது.

நல்ல காலம், தமிழிலும் பிரித்துச் சொல்லச் சொற்கள் இருக்கின்றன, நாங்கள்தான் அவசரத்தில் ‘சத்தமாக’ என்று முடித்துவிடுகிறோம். குரல் வெளியே வருவதற்கு ‘வாய்விட்டு’. குரல் பெரிதாக வருவதற்கு ‘உரத்து’, ‘உரக்க’, எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பெலத்து’. இனி இந்த இரண்டையும் கையில் வைத்திருங்கள். வசனத்தில் ‘வாய்விட்டு’ பொருந்தினால் அலவுட். ‘பெலத்து’ பொருந்தினால் லவுட்லி. பத்தில் ஒன்பது தரம் இதுவே போதும்.

ஒரு காட்சி சொல்கிறேன், மனதில் நிற்கும். நம்முடைய கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்தானே, ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார், பக்கத்தில் இருக்கிறவர் பயன் சொல்வார். வாசிக்கிறவர் கத்துவதில்லை. மண்டபத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல் சொல்லாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அது அலவுட். அதே கோயில் வீதியில் கச்சான் கடைக்காரர் சனத்தைக் கூப்பிடுகிறாரே, அது லவுட்லி. இரண்டு பேருடைய குரலும் எங்கள் காதில் விழுகிறது, ஆனால் இரண்டும் இரண்டு வேலை. புராணம் வாசிக்கிறவரை லவுட்லி வாசிக்கிறார் என்று எழுதினால், பாவம், அவரைக் கச்சான் விற்க அனுப்பியது போல ஆகிவிடும்.

இரண்டாம் படி: லவுட், லவுட்லி

லவுட் என்பது முதலில் பெயரடை. எ லவுட் வாய்ஸ், எ லவுட் நாய்ஸ். அதோடு லி சேர்த்தால் வினையடை, லவுட்லி. ஹி நாக்ட் லவுட்லி, கதவைப் பெலத்துத் தட்டினான். இதுவரை எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகள் தடுமாறுவது இடத்தில்தான். தமிழில் வினையடை வினைக்கு முன்னால் வரும், ‘பெலத்துத் தட்டினான்’. ஆங்கிலத்தில் லவுட்லி பெரும்பாலும் வினைக்குப் பின்னால் வரும், செயப்படுபொருள் இருந்தால் அதற்கும் பின்னால். ஷி கால்ட் மை நேம் லவுட்லி. இதை ஷி கால்ட் லவுட்லி மை நேம் என்று நடுவில் செருகினால் கேட்கிறவருக்கு ஏதோ கல் கடிபட்டது போல இருக்கும். செருகாதீர்கள்.

அடுத்தது, லி இல்லாமல் வெறும் லவுட் வினையடையாக வரலாமா? வரலாம். டோன்ட் டாக் சோ லவுட் என்று வெள்ளைக்காரர்களே சொல்வார்கள். பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் அப்படியும் புழங்கியிருக்கிறது, ஆகவே இது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெடுத்த ஆங்கிலம் இல்லை. டாக், லாஃப், ப்ளே, ஸ்க்ரீம் மாதிரியான வினைகளோடு பேச்சில் தாராளமாக வரும். லவுட் அண்ட் க்ளியர் என்ற தொடரில் லவுட்லி போடவே முடியாது. ஆனால் பரீட்சைத் தாளில், விண்ணப்பக் கடிதத்தில், அலுவலக அறிக்கையில் லவுட்லி என்றே எழுதுங்கள். தாள் திருத்துகிற ரீச்சரோடு வாதாடப் போக வேண்டாம், நீங்கள் சரியாக இருந்தாலும் புள்ளி அவர் கையில்.

ஒப்பிடும்போது லவுடர். ஆக்‌ஷன்ஸ் ஸ்பீக் லவுடர் தான் வேர்ட்ஸ் என்ற பழமொழியில் வருவது வினையடைதான். மோர் லவுட்லி என்பதும் இலக்கணப்படி சரி, எழுத்தில் வரும். மோர் லவுட் வேண்டாம், மோர் லவுடர் வேண்டவே வேண்டாம்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இலக்கணத்தை விட இதில்தான் ஆட்கள் மனம் நோகிறார்கள். வகுப்பில் ‘ஸ்பீக் லவுட்லி!’ என்று சொல்லி வளர்ந்த நாங்கள், லைன் சரியில்லாத நேரத்தில் ஃபோனின் அந்தப் பக்கத்தில் இருக்கிற அதிகாரியிடமும் அதையே சொல்லிவிடுகிறோம். இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு அது ரீச்சர் பிரம்போடு நின்று சொல்வது போல விழும். குட் யூ ஸ்பீக் அப் எ லிட்டில்? என்று கேளுங்கள். ஸ்பீக் அப் என்றால் குரலைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்றுதான் அர்த்தம், அதற்குள் லவுட் என்ற சொல்லே இல்லை. அதே போல ரிவி சத்தம் கூடினால் ‘சவுண்டைக் குறை’ என்று நாங்கள் சொல்வதை ரெட்யூஸ் த சவுண்ட் என்று அப்படியே கொண்டுபோக வேண்டாம், டர்ன் இட் டவுன். கூட்டுவதற்கு டர்ன் இட் அப்.

நிறத்துக்கும் லவுட் வரும். எ லவுட் ஷர்ட் என்றால் சட்டை சத்தம் போடவில்லை, கண்ணைக் குத்துகிற நிறம், பெரிய பெரிய பூ. லவுட்லி ட்ரெஸ்ட் என்றால் அப்படி உடுத்தியிருக்கிறார். பாராட்டு இல்லை, கவனம்.

மூன்றாம் படி: அலவுட், அவுட் லவுட்

என்னை விழுத்திய சொல் இது. அலவுட் என்றால் பிறர் காதில் விழும்படி, வாய்விட்டு. இதற்கு அளவே கிடையாது. வெரி லவுட்லி உண்டு, வெரி அலவுட் இல்லை. லவுடர் உண்டு, மோர் அலவுட் இல்லை. ஏன்? ஒன்றில் வாய்விட்டுச் சொன்னாய், இல்லாவிட்டால் மனதுக்குள் வைத்திருந்தாய். நடுவில் படி இல்லை. லைற் சுவிட்ச் மாதிரி, போட்டால் போட்டதுதான். சந்தேகம் வரும்போது வெரி போட்டுப் பாருங்கள், வெரி ஒட்டினால் அது லவுட்லி கேட்கிற இடம், ஒட்டாவிட்டால் அலவுட்.

அந்த நேர்முகத் தேர்வில் நான் செய்திருக்க வேண்டியதை ஒரே வசனத்தில் எழுதலாம்: ரீட் இட் அலவுட், பட் நாட் லவுட்லி. வாய்விட்டு வாசி, ஆனால் கத்தாதே. இரண்டு சொல்லும் ஒரே வசனத்தில் எதிரெதிராக நிற்கின்றன பாருங்கள். வகுப்பில் நான் இதைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன்.

அலவுட் எல்லா வினையோடும் சேராது. ரீட், ஸே, திங்க், வொண்டர், இவைதான் அதன் நெருங்கிய கூட்டாளிகள். ரீட் அலவுட் தெரியும். திங்க் அலவுட் என்றால் யோசிப்பதை வாய்விட்டு யோசிப்பது, கணக்குப் போடும்போது ‘ஆறில இருந்து ரெண்டு போனா நாலு, அப்ப மிச்சம்...’ என்று சொல்லிக்கொண்டே போடுவோமே, அது. ஐம் ஜஸ்ட் திங்கிங் அலவுட் என்று கூட்டத்தில் சொன்னால், ‘இது முடிவு இல்லை, சும்மா வாயில் வந்ததைச் சொல்கிறேன், பிடித்துக்கொள்ளாதீர்கள்’ என்று அர்த்தம். மிகவும் பயன்படுகிற வசனம், அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் பாடமாக்கி வைத்திருங்கள். வொண்டர் அலவுட் என்பது ‘அவன் வருவானோ தெரியாது’ என்று தன்பாட்டில், ஆனால் மற்றவருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வது. எங்கள் வீடுகளில் மாமிமார் இதில் கெட்டிக்காரர்.

அவுட் லவுட் என்பதும் அதே பொருள்தான். ஒரு காலத்தில் அதைப் பேச்சுவழக்கு என்று ஒதுக்கி, எழுத்தில் அலவுட்தான் வேண்டும் என்றார்கள். இன்றைக்கு எங்கும் எழுதுகிறார்கள், பயப்பட வேண்டாம். சிரிப்போடு வரும்போது அவுட் லவுட்தான் இயல்பு, லாஃப் அவுட் லவுட். ஃபோனில் எல்லாரும் தட்டுகிற எல்.ஓ.எல் அதன் சுருக்கம்தான், லாஃபிங் அவுட் லவுட். ‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்கிறோமே, அந்த ‘வாய்விட்டு’ அச்சாக இதற்குள் உட்காரும். ஃபார் க்ரையிங் அவுட் லவுட் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை, பொறுமை போனபோது ‘அட கடவுளே’ என்பது போலச் சொல்வது.

தேவாலயத்துக்குப் போகிற பிள்ளை ஒருத்தி ஒருநாள் கேட்டாள், ‘சேர், பைபிள்ல க்ரை அலவுட் எண்டு இருக்கே, அங்க கத்துறதுதானே அர்த்தம்?’ சரியான கேள்வி. 1611-ல் வந்த பழைய ஆங்கில வேதாகமத்தில், ஏசாயா 58-ம் அதிகாரத்தில் அப்படி வருகிறது. அங்கே உரத்துக் கூப்பிடு என்றுதான் பொருள். பழைய ஆங்கிலத்தில் அலவுட்டுக்கு அந்தப் பொருளும் இருந்தது, இன்றும் க்ரை அலவுட், கால் அலவுட் மாதிரி ஒன்றிரண்டு தொடரில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே கொழும்பில் நான் செய்தது 400 வருடம் பழைய ஆங்கிலத்தின்படி அவ்வளவு பிழையில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வதுண்டு.

இன்னொரு பொறி. அனுமதிக்கப்பட்டது என்ற பொருளில் வருகிற இன்னொரு அலவுட் இருக்கிறது, ‘அலோ’ என்று நாங்கள் உச்சரிக்கிற, ஆனால் உண்மையில் ‘அலவ்’ என்று சொல்ல வேண்டிய வினையின் இறந்தகாலம். எழுத்து வேறு, உச்சரிப்பு அச்சொட்டாக ஒன்று. என்னிடம் படித்த ஒரு பெடியன் வகுப்பு அறைக் கதவில் பேச அனுமதியில்லை என்று அழகாக எழுதி ஒட்டினான். எழுத்துப் பிழைத்து, ஓ-யூ-டி-யில் முடிகிற அலவுட்டைப் போட்டிருந்தான். ‘பேச்சு வாய்விட்டு இல்லை’ என்று ஏதோ தத்துவம் மாதிரி ஒரு மாதம் கதவில் தொங்கியது, ஒருவரும் கவனிக்கவில்லை, நானும் ஒரு வாரம் கழித்துத்தான் கண்டேன், பிறகு அழகுக்காக விட்டுவிட்டேன். எழுத்தை நினைவு வைக்க: சத்தத்துக்கு உரியதில் லவுட் முழுதாக உள்ளே இருக்கும், முன்னால் ஓர் ஏ மட்டும் கூட. அனுமதிக்கு உரியதில் எல் இரண்டு, கடைசியில் ஈ-டி. ரீடிங் அலவுட் இஸ் நாட் அலவுட் ஹியர் என்று நூலகத்துக்கு ஒரு வசனம் எழுதிப் பாருங்கள், இரண்டும் ஒரே வரியில் வந்துவிடும்.

வெளிநாட்டுக்குத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இதில் நேரடி லாபம் உண்டு. பி.டி.இ. என்று கணினியில் எழுதுகிற ஆங்கிலத் தேர்வில் ரீட் அலவுட் என்ற பெயரிலேயே ஒரு பகுதி இருக்கிறது. திரையில் ஒரு பந்தி வரும், கொஞ்ச நேரம் கண்ணால் பார்க்கலாம், பிறகு ஒலிவாங்கிக்கு வாசிக்க வேண்டும், கணினிதான் புள்ளி போடும். உள்ளடக்கம், உச்சரிப்பு, சரளம், இவைதான் கணக்கு. பெலத்துக் கத்தினால் ஒரு புள்ளியும் கூடாது. பக்கத்து மேசைக்காரர் கத்துகிறாரே என்று நீங்களும் போட்டிக்குக் கத்த வேண்டாம். இன்னொன்று, இடையில் மூன்று விநாடிக்கு மேல் வாய் மூடி இருந்தால் ஒலிப்பதிவு நின்றுவிடும், ஆகவே ஒரு சொல் தட்டுப்பட்டாலும் திரும்பிப் போகாமல் மேலே போய்க்கொண்டிருங்கள்.

நான்காம் படி: வொசிஃபரஸ்லி, பெரிய சொல்

ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கியவர்கள் இந்தச் சொல்லைக் கண்டதும் அகராதியில் ‘உரத்த குரலில்’ என்று பார்த்துவிட்டு, லவுட்லி இருந்த இடமெல்லாம் இதைப் போட்டு மினுக்கத் தொடங்குவார்கள். என் மாணவன் ஒருவன் த பஸ் கண்டக்டர் ஷவுட்டட் வொசிஃபரஸ்லி என்று எழுதினான். காங்கேசன்துறை வீதி மினிபஸ்ஸில் வாசலில் தொங்கிக்கொண்டு ‘கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம்’ என்று மூச்சு விடாமல் கத்துகிறாரே, அவர் தொண்டையில் சத்தம் இருக்கிறது, யாரோடும் வழக்கு இல்லை. அது லவுட்லிதான். ஆனால் மிச்சக்காசு தரவில்லை என்று ஒரு ஐயா எழும்பி நின்று, கண்டக்டர் சொல்வதைக் காதில் வாங்காமல், முழு பஸ்ஸும் கேட்க நியாயம் கதைத்தால், அதுதான் வொசிஃபரஸ்லி. ஒரு கருத்தை விடாப்பிடியாக, சூடாக, பிறர் கேட்டே ஆக வேண்டும் என்று எடுத்துச் சொல்வது. சத்தம் அதில் பாதிதான், மற்றப் பாதி பிடிவாதம்.

சொல்லின் வேரைப் பார்த்தால் நினைவில் நிற்கும். லத்தீன் மொழியில் வோக்ஸ் என்றால் குரல், ஃபெர்ரே என்றால் சுமந்து செல்வது. வாய்ஸ், வோக்கல் எல்லாம் முதலாவதின் பிள்ளைகள். இரண்டாவது வேறு எங்கே இருக்கிறது தெரியுமா? அரசாங்க உத்தியோகத்தர் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற ட்ரான்ஸ்ஃபரில். ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது ட்ரான்ஸ்ஃபர், குரலைத் தூக்கிக்கொண்டு போவது வொசிஃபரஸ்.

எந்த வினைகளோடு வரும் என்று பாருங்கள்: ப்ரொட்டெஸ்ட், அப்போஸ், அப்ஜெக்ட், டினை, ஆர்க்யூ, டிஃபெண்ட். எல்லாம் எதிர்ப்பும் வாதமும். சப்போர்ட், சியர் போன்றவற்றோடும் வரும், ஆதரவையும் ஆர்ப்பரித்துக் காட்டலாம்தானே. எங்கள் கடலை வைத்தே ஒரு வசனம்: த ஃபிஷர்மென் ஆஃப் ஜாஃப்னா ஹாவ் வொசிஃபரஸ்லி அப்போஸ்ட் பாட்டம் ட்ராலிங். கடலின் அடியை வாரி அள்ளுகிற இழுவைப் படகுகளுக்கு எதிராக எங்கள் மீனவர்கள் வருடக்கணக்காக வீதியில் இறங்கியும் கடலில் மறித்தும் சொல்லிவருவது எல்லாருக்கும் தெரியும், இலங்கையில் அந்த மீன்பிடி முறையை 2017-ல் சட்டப்படி தடையும் செய்தார்கள். இந்த வசனத்தில் லவுட்லி போட்டுப் பாருங்கள், கடற்கரையில் நின்று ஒரு நாள் கத்திவிட்டு வீட்டுக்குப் போனது போலச் சுருங்கிவிடும். வொசிஃபரஸ்லியில்தான் அந்த விடாப்பிடி வருகிறது.

இடத்தையும் கவனியுங்கள், இங்கே வொசிஃபரஸ்லி வினைக்கு முன்னால் வந்திருக்கிறது, பின்னாலும் வரலாம். லவுட்லியை விட இதற்குச் சுதந்திரம் கூட. இன்னொன்று, இதில் ஒரு மெல்லிய சலிப்பு ஒளிந்திருக்கலாம். உங்களுக்குப் பிடிக்காதவர் சத்தம் போட்டால் வொசிஃபரஸ்லி, பிடித்தவர் சொன்னால் ஸ்ட்ராங்லி என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்களும் உண்டு. உங்கள் மேலதிகாரியைப் பற்றி எழுதும்போது கவனம். சத்தத்தைக் குறைத்து, கருத்தை ஒளிக்காமல் சொல்கிறார் என்பதை மட்டும் காட்ட வோக்கல் போதும், ஹி வாஸ் வோக்கல் அபவுட் இட்.

நாய்சிலி என்பது வேறு. அதில் கருத்தும் இல்லை, பேச்சும் இல்லை, கரைச்சல் மட்டும்தான். கதிரையை இழுக்கிறது, தேத்தண்ணியை உறிஞ்சுகிறது, இவையெல்லாம் நாய்சிலி.

ஐந்தாம் படி: வாயில் சரியாக வர வேண்டும்

சத்தத்தைப் பற்றிய சொல்லைச் சத்தத்தில் பிழைவிட்டால் நன்றாக இராது. தமிழில் ட் என்ற எழுத்தோடு ஒரு சொல்லும் முடியாது, நாடு, காடு, வீடு என்று ஒரு குற்றியலுகரத்தைக் கடைசியில் ஒட்டினால்தான் எங்கள் நாக்குக்கு நிம்மதி. அதனால் லவுடு என்கிறோம், லவுடுலி என்கிறோம். அந்த உகரத்தை வெட்டுங்கள். வெட்டும்போது சிலர் அளவுக்கு மீறி இறுக்கி, டி-யில் (D) முடிகிற சொல்லை ரி-யில் (T) முடித்துவிடுவார்கள், அப்போது அது வேறு சொல், முரடன் என்று அர்த்தம். ஸ்பீக் லவுட் என்று சொல்லப் போய் ‘பேசடா முரடா’ என்று முடியும்.

இதற்கு ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. கடைசி எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், நடுவில் இருக்கிற ‘அவ்’ ஒலியைக் கொஞ்சம் நீட்டுங்கள். ஆங்கிலத்தில் டி-க்கு முன்னால் உயிரொலி நீளும், ரி-க்கு முன்னால் குறுகும், கேட்கிறவர் பெரும்பாலும் அந்த நீளத்தை வைத்துத்தான் எந்தச் சொல் என்று பிடிக்கிறார். ஃபோனில் பதிந்து கேட்டுப் பாருங்கள், உடனே தெரியும்.

லவுட்லியில் இன்னொன்று: எங்கள் டகரத்துக்கு நாக்கு மேலே மடியும், ஆங்கில டி-க்கு மடியாது, நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற மேட்டில் படும். எல் ஒலிக்கும் அதே இடம்தான். ஆகவே டி சொன்ன நாக்கை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு பக்கங்களால் காற்றை விட்டால் லி வந்துவிடும். நாக்கை எடுத்தால்தான் நடுவில் உகரம் நுழைகிறது.

அலவுட்டில் முதல் அ இருந்தும் இல்லாதது போல, பாரம் முழுக்க லவுட்டில். வொசிஃபரஸ்லிக்கு ஐந்து அசை, பாரம் இரண்டாவதில், ‘சிஃ’. எல்லாரும் ‘வோ’ என்று முதலில் அமத்துகிறார்கள், வேண்டாம், அது மெல்லிய ‘வ’ மாதிரிப் போக வேண்டும். ஃப வருமிடத்தில் மேல்பல் கீழுதட்டைத் தொடட்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாய்விட்டு, ஒரு பத்துத் தரம்.

கடைசியாக, செய்து பாருங்கள்

என் வகுப்பில் கொடுக்கிற வசனங்கள்தான். முதலில் தமிழை வாசித்து எந்தச் சொல் என்று நீங்களே முடிவெடுங்கள், பிறகு கீழே போங்கள்.

‘பக்கத்து வீட்டு ரேடியோ விடிய ஐந்து மணிக்கே பெலத்துப் பாடுது.’ பெலத்து என்று வசனத்திலேயே இருக்கிறது. லவுட்லி, பேச்சில் வெறும் லவுட்டும் சரி.

‘அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை வாய்விட்டு வாசிப்பா.’ ரீட்ஸ் த பேப்பர் அலவுட். அம்மம்மாவுக்குக் காது குறைவு, அவர் வாசிப்பது முழு ஒழுங்கைக்கும் கேட்கும் என்றால், அலவுட் அண்ட் லவுட்லி என்று இரண்டையும் போடலாம், பிழையில்லை.

‘நாளைக்கு மழை வருமோ தெரியாது எண்டு அப்பப்பா தன்பாட்டில சொன்னார்.’ வொண்டர்ட் அலவுட்.

‘மதிலை அரையடி தள்ளிக் கட்டிப்போட்டான் எண்டு அயல்வீட்டுக்காரர் கிராம சேவகருக்கு முன்னால நிண்டு நியாயம் கதைச்சார்.’ யாழ்ப்பாணத்தில் காணி எல்லைச் சண்டைக்கு வொசிஃபரஸ்லியை விடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை. ப்ரொட்டெஸ்டட் வொசிஃபரஸ்லி.

‘செத்தவீட்டில பெண்சாதி குழறி அழுதா.’ இந்த வசனத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் தடுக்கி விழுவார்கள். க்ரைட் லவுட்லி என்பார்கள், க்ரைட் அலவுட் என்பார்கள், ஒரு பிள்ளை வொசிஃபரஸ்லி என்று எழுதி, செத்தவரோடு சண்டை பிடிப்பது போல ஆக்கியும் தந்திருக்கிறாள். தமிழில் ‘குழறி’ என்ற சொல்லிலேயே சத்தம் இருக்கிறது, ‘பெலத்துக் குழறினா’ என்று நாங்கள் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் அப்படி ஒரு வினை இருக்கிறது. ஷி வெயில்ட். அதோடு ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம்.